பெஸ்ஸி ஸ்மித்: ஒரு பக்கத்துக்கு 125 டாலர்

பெஸ்ஸி ஸ்மித்ங்கிற பேரை நீங்க கேள்விப்பட்டிருக்கலாம், கேள்விப்படாமலும் இருக்கலாம். ஆனா உங்க பிளேலிஸ்ட்ல ராக், சோல், ஆர் அண்ட் பி எது இருந்தாலும், அந்தப் பாட்டுகளின் பாட்டி வரிசையில் இவர் கண்டிப்பா இருப்பார். 1920களில் அமெரிக்காவில் மிக அதிகமாகச் சம்பாதித்த கறுப்பின மேடைக் கலைஞர் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். பத்திரிகைகள் இவருக்குக் கொடுத்த பட்டம் ப்ளூஸின் பேரரசி.

அதே பேரரசியின் கல்லறையில் 33 வருஷம் ஒரு பெயர்க்கல் கூடக் கிடையாது. யார் படுத்திருக்கிறார் என்று தெரியாத வெறும் புல்தரை.

இந்த ரெண்டும் ஒரே வாழ்க்கையில் எப்படி நடந்தது? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போறோம். இசை தெரிஞ்சவங்களுக்கு மட்டும் எழுதினது இல்ல இது. சீக்கிரமே ஏதாவது ஒரு கம்பெனியின் பேப்பரில் கையெழுத்துப் போடப்போகிற எல்லாருக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கு.

தெருவில் தொடங்கிய பாட்டு

டென்னஸி மாநிலத்தில் சட்டனூகா என்று ஒரு ஊர். அங்கே 1890களில் ஒரு ஏழைக் குடும்பத்தில் பிறந்தார் பெஸ்ஸி. 1894 ஏப்ரல் 15 என்பது பொதுவாகச் சொல்லப்படும் தேதி. அப்பா கூலி வேலை பார்த்தவர், சர்ச்சில் அவ்வப்போது பிரசங்கமும் செய்தவர். பெஸ்ஸி குழந்தையாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். ஒன்பது வயதுக்குள் அம்மாவும் போய்விட்டார். மூத்த அக்கா வயோலாதான் துணி துவைத்துச் சம்பாதித்துத் தம்பி தங்கைகளை வளர்த்தார்.

வீட்டுக்குக் காசு வேண்டும். அதனால் பெஸ்ஸியும் அண்ணன் ஆண்ட்ரூவும் தெருவில் இறங்கினார்கள். அண்ணன் கிடார் வாசிப்பார், தங்கை பாடுவார், ஆடுவார். சில்லறை விழும். இதுதான் அவருக்குக் கிடைத்த மியூசிக் ஸ்கூல். வண்டிச் சத்தம், ஆள் சத்தம் எல்லாத்தையும் தாண்டித் தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி பாடணும்னா தொண்டை எப்படி இருக்கணும்னு யோசிச்சுப் பாருங்க. அந்தத் தொண்டை பின்னால் அவருக்கு எப்படிக் கைகொடுத்தது என்பதை அப்புறம் சொல்றேன்.

இன்னொரு அண்ணன் கிளாரன்ஸ் ஒரு நாடகக் குழுவில் இருந்தார். 1912-ல் அவர் மூலமாக அந்தக் குழுவில் பெஸ்ஸிக்கு வேலை கிடைத்தது. ஆனால் பாடகியாக இல்லை, ஆட்டக்காரியாக. ஏன்னா அந்தக் குழுவில் ஏற்கெனவே மா ரெய்னி என்ற பெரிய பாடகி இருந்தார். மா ரெய்னி இந்தப் பெண்ணைக் கடத்திக்கொண்டு போய்ப் பாட்டுக் கற்றுக்கொடுத்தார் என்று ஒரு கதை ரொம்ப காலம் சுற்றியது. அது வெறும் கதைதான். மேடையில் எப்படி நிற்பது, கூட்டத்தை எப்படிப் பிடிப்பது என்று அவரைப் பார்த்துக் கற்றிருக்கலாம். பாட்டு ஏற்கெனவே பெஸ்ஸியிடம் இருந்தது.

அடுத்த பத்து வருஷம் தென் மாநிலங்கள் முழுக்க டென்ட் ஷோ, சின்னத் தியேட்டர் என்று சுற்றினார். அட்லாண்டாவில் 81 தியேட்டர் என்ற இடத்தில் நிலையாக ஒரு பேர் கிடைத்தது. 1920 வாக்கில் தெற்கிலும் கிழக்குக் கடற்கரையிலும் அவர் பேருக்கே டிக்கெட் போனது. ஆனால் அதுவரை ஒரு ரெக்கார்ட் கூட வரவில்லை.

கூம்புக்கு முன்னால்

ரெக்கார்ட் கம்பெனிகள் அவரைக் கூப்பிட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருந்தன. அதில் ஒன்று பிளாக் ஸ்வான். கறுப்பினத்தவர் நடத்திய கம்பெனி அது. அவர்களுக்கே இவர் குரல் ரொம்பக் கரடுமுரடாகத் தெரிந்தது. நாசூக்கான பாடகிகளைத்தான் அவர்கள் தேடினார்கள்.

கடைசியில் 1923 பிப்ரவரியில் நியூயார்க்கில் கொலம்பியா கம்பெனி ஸ்டுடியோவில் பெஸ்ஸி நின்றார். பியானோவில் கிளாரன்ஸ் வில்லியம்ஸ். முதல் நாள் எடுத்த டேக் ஒன்றுகூடத் தேறவில்லை. அடுத்த நாள் பிப்ரவரி 16. அன்றைக்குப் பதிவானதுதான் ‘டவுன் ஹார்ட்டட் ப்ளூஸ்’.

அந்த ஸ்டுடியோவில் மைக் கிடையாது. ஆம்ப்ளிஃபையர் கிடையாது. கரன்ட்டே இல்லாத ரெக்கார்டிங் அது. சுவரிலிருந்து ஒரு பெரிய தகரக் கூம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் பாடணும். குரலின் காற்றழுத்தம் கூம்பின் அடியில் இருக்கிற ஒரு மெல்லிய தகட்டை அதிர வைக்கும். அந்தத் தகட்டோடு சேர்ந்த ஊசி, சுற்றிக்கொண்டிருக்கும் மெழுகுத் தட்டில் கோடு வெட்டும். அவ்வளவுதான் மொத்த சிஸ்டம். ஊசியை நகர்த்தும் பவர் முழுவதும் பாடகரின் நுரையீரலில் இருந்து வரணும். மெதுவாகப் பாடினால் கோடு விழாது. திடீர்னு கத்தினால் ஊசி எகிறிடும்.

இப்போ அந்தச் சட்டனூகா தெருவை நினைச்சுப் பாருங்க. மைக் இல்லாத மேடைகளில் பத்து வருஷம் பாடினவருக்கு அந்தக் கூம்பு ஒரு பிரச்சினையே இல்லை. அந்த மெஷினுக்குத் தேவையான குரல் அவரிடம் இருந்தது.

பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான் பிடிக்கும். மேடையில் இஷ்டத்துக்கு நீட்டிப் பாடுகிற ப்ளூஸை அதற்குள் அடக்கணும். இன்னைக்கும் ஒரு பாட்டுன்னா மூணு நாலு நிமிஷம்னு நாம பழகிப்போனதுக்கு அந்தத் தட்டின் அளவு ஒரு முக்கியக் காரணம்.

ஒரு சின்னக் கணக்கு

‘டவுன் ஹார்ட்டட் ப்ளூஸ்’ ஆறு மாசத்தில் சுமார் 7,80,000 தட்டு விற்றது என்று சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் இது பயங்கரமான நம்பர். பணக் கஷ்டத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த கொலம்பியாவைத் தூக்கி நிறுத்தியதில் பெஸ்ஸிக்குப் பெரிய பங்கு உண்டு.

பெஸ்ஸிக்கு என்ன கிடைத்தது? ஒப்பந்தப்படி, வெளியிடத் தகுதியான ஒவ்வொரு பக்கத்துக்கும் 125 டாலர். ஒரே தடவை. ராயல்டி கிடையாது.

கணக்குப் போடுவோம். ஒரு தட்டின் விலை 75 சென்ட். 7,80,000 தட்டு என்றால் கடைகளில் புரண்ட பணம் 5,85,000 டாலர். கடைக்காரர் பங்கு, தயாரிப்புச் செலவு எல்லாம் அதில் அடங்கும், ஒத்துக்கறேன். பாடியவருக்கு இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 250 டாலர். ஒரு தட்டுக்கு வெறும் ஒரு சென்ட் ராயல்டி இருந்திருந்தால்கூட அந்த ஒரே ரெக்கார்டில் 7,800 டாலர் வந்திருக்கும்.

இன்னும் கொடுமை, ஆரம்பத்தில் அந்த 125 கூட முழுசா அவர் கைக்கு வரவில்லை. பியானோ வாசித்த கிளாரன்ஸ் வில்லியம்ஸ் நடுவில் நின்று பாதியைத் தன் பையில் போட்டுக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் பெஸ்ஸியும் அவர் கணவர் ஜாக் கீயும் நேராக வில்லியம்ஸ் ஆபீசுக்கே போய் மிரட்டி அந்த ஏற்பாட்டை உடைத்தார்கள். பிறகு கொலம்பியாவின் ஃபிராங்க் வாக்கரோடு நேரடி ஒப்பந்தம். வருஷத்துக்கு இத்தனை பாட்டு என்று உத்தரவாதம், பக்கத்துக்கு 125 முழுசாக. பெஸ்ஸிக்குச் சந்தோஷம்தான். அன்றைக்கு ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு அது பெரிய தொகை. ராயல்டி என்ற ஒன்று அந்த ஒப்பந்தத்தில் இல்லை என்பது அப்போது யாருக்கும் உறுத்தவில்லை.

இதில் பெஸ்ஸியை ஏமாளின்னு நினைச்சிடாதீங்க. அவருடைய நிஜமான வருமானம் மேடைதான். ரெக்கார்ட் பேரைக் கொண்டு போய்ச் சேர்க்கும், டிக்கெட் காசு வீட்டுக்கு வரும் என்பதுதான் அவர் கணக்கு. உச்சத்தில் வாரத்துக்கு 2,000 டாலர் வரை வாங்கினார். மேடை இருக்கிற வரை அந்தக் கணக்கு சரியாகவே வேலை செய்தது.

மைக் வந்த வருஷம்

1925 ஜனவரி 14. பெஸ்ஸி ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ பாடினார். கூடக் கார்னெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். அன்றைக்கு அவருக்கு வயசு 23. நம்மைவிட ரெண்டு வயசு கூட, அவ்வளவுதான். ஒரு சின்ன ஹார்மோனியம் சுதி பிடித்துக்கொண்டே இருக்கும். பெஸ்ஸி ஒரு வரி பாடி நிறுத்த, அந்த இடைவெளியில் ஆம்ஸ்ட்ராங் பதில் சொல்வார். ரெண்டு பேர் பேசிக்கிற மாதிரியே இருக்கும். யாரும் யாரையும் மறைக்க மாட்டார்கள். பழைய ரெக்கார்ட் சேகரிப்பவர்கள் இன்றைக்கும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் மூணு நிமிஷம் அது. இதுவும் கூம்பில் பதிவானதுதான்.

சில மாதத்தில் எல்லாம் மாறியது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனி மைக், வால்வு ஆம்ப்ளிஃபையர், மின்காந்தத்தால் ஓடும் வெட்டு ஊசி என்று புது சிஸ்டத்தைக் கொண்டுவந்தது. கூம்பில் சுமார் 2,000, 2,500 ஹெர்ட்ஸோடு நின்றுபோன சத்தம், இப்போது 5,000 ஹெர்ட்ஸ் வரை பதிவானது. 1925 மே மாதம் கொலம்பியா இதை பெஸ்ஸியை வைத்துச் சோதித்தது. அறை எதிரொலிக்கக் கூடாது என்று எஞ்சினியர்களுக்கு ஒரு ஐடியா. ஸ்டுடியோவுக்குள்ளேயே கூரையிலிருந்து ஒரு பெரிய துணி டென்ட்டைக் கட்டித் தொங்கவிட்டு, பாடகி, வாத்தியக்காரர்கள் எல்லாரையும் அதற்குள் அடைத்தார்கள். சில பாட்டுகள் முடிந்ததும் டென்ட் அப்படியே எல்லார் தலையிலும் சரிந்து விழுந்தது. அந்த அக்கூஸ்டிக் ட்ரீட்மென்ட் அதோடு முடிந்தது. ப்ராஜெக்ட் டெமோ அன்னைக்கு நமக்கு நடக்கிறதுதான், கொலம்பியாவுக்கும் நடந்திருக்கு.

1923 பாட்டையும் 1927 பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்க. முதலில் குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். அடுத்ததில் அவர் உங்க அறைக்குள்ளேயே நிற்பார். 1927 பிப்ரவரியில் பதிவான ‘பேக்வாட்டர் ப்ளூஸ்’ இதற்கு நல்ல உதாரணம். வெள்ளத்தில் வீடு போன ஒருத்தியின் பாட்டு. எழுதியவரும் பெஸ்ஸியேதான். பியானோவில் ஜேம்ஸ் பி. ஜான்சன். அவருடைய இடது கை தண்ணீர் ஏறி வருகிற மாதிரி உருட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பாட்டு வெளிவந்த சமயத்தில் மிசிசிப்பி ஆற்றில் அமெரிக்கா அதுவரை காணாத பெருவெள்ளம் வந்தது. வீடிழந்த லட்சக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் கறுப்பின விவசாயக் கூலிகள். அந்தத் தட்டு அவர்களுடைய பாட்டாகவே ஆகிவிட்டது.

மஞ்சள் ரயில் பெட்டி

வாரம் 2,000 டாலர் சம்பாதித்தாலும், தென் மாநிலங்களில் நல்ல ஹோட்டல் எதிலும் பெஸ்ஸிக்கு அறை கிடைக்காது. ரயிலில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பெட்டி. பல ஊர்களில் சாப்பிடக்கூட இடம் கிடையாது. சட்டமே அப்படித்தான் இருந்தது.

1925-ல் பெஸ்ஸி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சொந்தமாக ஒரு ரயில் பெட்டி வாங்கிவிட்டார். 78 அடி நீளம், மஞ்சள் கலர், பச்சை எழுத்து. உள்ளே ஏழு தனி அறைகள், சமையலறை, வெந்நீர் வரும் குளியலறை. மொத்தக் குழுவும் அதிலேயே தூங்கும், டென்ட் சாமானும் அதிலேயே போகும். ஊர் வந்தால் பெட்டியைக் கழற்றி ஓரத்தில் நிறுத்திவிட்டு ஷோ நடத்துவார்கள். இதைப் பணக்காரத் திமிர்னு பார்க்கக்கூடாது. குழுவில் இருந்த ஒருத்தர்கூட ராத்திரியில் தங்க இடம் தேடி அவமானப்படக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

1927 ஜூலையில் வட கரோலினாவின் கான்கார்டில் டென்ட் ஷோ. வெளியே கு க்ளக்ஸ் க்ளான் ஆட்கள் சிலர் வெள்ளை அங்கியோடு வந்து டென்ட்டின் முளைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கூட்டம் நிறைந்திருக்கிறது. டென்ட் சரிந்தால் என்ன ஆகும்? விஷயம் காதுக்கு வந்ததும் பெஸ்ஸி நேராக அவர்கள் முன்னால் போய் நின்றார். இடுப்பில் ஒரு கை, இன்னொரு கையை ஆட்டி ஆட்டி வாய்க்கு வந்தபடி திட்டினார். அவர்கள் இருட்டில் நழுவிப் போகும் வரை நிறுத்தவில்லை. பிறகு திரும்பி வந்து, உதவிக்கு வராத தன் ஆட்களையும் திட்டிவிட்டு, மேடை ஏறிப் பாடினார்.

இவர் சாதுவான மனுஷி கிடையாது. நிறையக் குடித்தார். கோபம் வந்தால் கை நீளும். கணவரோடு தீராத சண்டை, 1929-ல் பிரிவு. ஆண்கள், பெண்கள் இருவரோடும் உறவு இருந்தது. அதே நேரம், கேட்டவர்களுக்கெல்லாம் கணக்குப் பார்க்காமல் அள்ளிக் கொடுத்தார். சட்டனூகாவிலிருந்து அக்கா குடும்பத்தையே ஃபிலடெல்பியாவுக்கு வரவழைத்துக் குடிவைத்தார்.

மேடை சரிந்தபோது

1929 மே மாதம், கையில் காசு இல்லாதபோது எந்த நண்பனும் இல்லை என்கிற கருத்தில் ஒரு பழைய பாட்டைப் பதிவு செய்தார் பெஸ்ஸி. அது கடைக்கு வந்த அடுத்த மாதமே, அக்டோபரில், அமெரிக்கப் பங்குச் சந்தை விழுந்தது. ப்ளான் பண்ணி வெளியிட்டாலும் இவ்வளவு பொருத்தமா அமையாது.

அதே வருஷம் ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ என்ற சின்னப் படத்தில் நடித்தார். கால் மணி நேரப் படம். பெஸ்ஸி அசைவதையும் பாடுவதையும் நாம் பார்க்கக் கிடைத்திருப்பது இது ஒன்றுதான்.

பேசும் படம் வந்து நாடகத் தியேட்டர்களைக் காலி செய்தது. ரேடியோ வந்தது. மந்தநிலையில் 75 சென்ட் கொடுத்துத் தட்டு வாங்க ஆளில்லை. 1931-ல் கொலம்பியா பெஸ்ஸியை விட்டுவிட்டது. இப்போதுதான் அந்த விடுபட்ட ராயல்டியின் அர்த்தம் புரியும். லட்சக்கணக்கான வீடுகளில் அவர் குரல் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து ஒரு சென்ட்கூட வர வழியில்லை. மேடைதான் வருமானம் என்ற கணக்கு, மேடையே சரியும்போது என்ன ஆகும் என்பதற்குப் பதில் வைத்திருக்கவில்லை.

1933 நவம்பரில் ஜான் ஹாமண்ட் என்ற இளைஞர் அவரைத் தேடி வந்தார். பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளை. சின்ன வயசிலிருந்தே கறுப்பின இசைத்தட்டுகளைத் தேடித் தேடி வாங்கிச் சேர்த்தவர். இங்கிலாந்து ரசிகர்களுக்காக பெஸ்ஸியின் நாலு பாட்டுகளைப் பதிவு செய்தார். கூடவே ஜாக் டீகார்டன், சூ பெர்ரி போன்ற ஸ்விங் காலத்துக் கலைஞர்கள். பெஸ்ஸி அந்தப் புது ஸ்டைலிலும் அசத்தினார். சம்பளம்? பாட்டுக்கு 37.50 டாலர். அதிலும் ராயல்டி கிடையாது. அதுதான் அவருடைய கடைசி ரெக்கார்டிங். மூணே நாள் கழித்து அதே ஹாமண்டின் ஏற்பாட்டில் 18 வயசுப் பெண் ஒருத்தி முதல் தடவையாக ரெக்கார்டிங்குக்கு நின்றாள். பேர் பில்லி ஹாலிடே. பெஸ்ஸியின் தட்டுகளைக் கேட்டே வளர்ந்தவள்.

ஹைவே 61

1937 செப்டம்பர் 26, விடியாத நேரம். மிசிசிப்பியில் கிளார்க்ஸ்டேல் ஊரை நோக்கி ஹைவே 61-ல் கார் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் பெஸ்ஸியின் துணைவர் ரிச்சர்ட் மார்கன். முன்னால் இருந்த லாரியில் கார் மோதியது. பெஸ்ஸியின் வலது கை முழங்கைக்குக் கிட்டே கிட்டத்தட்டத் துண்டாகிவிட்டது. அந்த வழியாக வந்த ஹியூ ஸ்மித் என்ற வெள்ளைக்கார டாக்டர் நின்று முதலுதவி செய்தார். பிறகு ஆம்புலன்ஸ் பெஸ்ஸியைக் கிளார்க்ஸ்டேலில் இருந்த கறுப்பினத்தவர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. கையை எடுத்தார்கள். அன்று காலையே அவர் இறந்துபோனார்.

சில வாரத்தில் ஹாமண்ட் ஒரு இசைப் பத்திரிகையில் எழுதினார். வெள்ளையர் மருத்துவமனை சேர்க்க மறுத்ததால்தான் பெஸ்ஸி இறந்தார் என்ற பேச்சு அதிலிருந்து பரவியது. காதில் விழுந்ததைச் சரிபார்க்காமல் எழுதியது அது. எட்வர்ட் ஆல்பீ இதை வைத்து ஒரு நாடகமே எழுதினார். கதை முப்பது வருஷத்துக்கு மேல் உண்மையாகவே நின்றது.

பிறகு கிறிஸ் ஆல்பர்ட்சன் என்ற ஆய்வாளர் அந்த டாக்டரையே தேடிப் பிடித்து விசாரித்தார். வெள்ளையர் மருத்துவமனைக்கு பெஸ்ஸியை யாரும் கொண்டுபோகவே இல்லை என்பது தெரியவந்தது. அந்தக் காலத் தெற்கில் ஒரு கறுப்பினத்தவரை அங்கே கொண்டுபோகலாம் என்று எந்த ஆம்புலன்ஸ் டிரைவரும் நினைக்கக்கூட மாட்டார். கொஞ்சம் நிதானமா யோசிங்க. கதையில் யாரோ ஒருத்தர் மறுக்கிறார். நிஜத்தில் மறுக்க வேண்டிய தேவையே வரவில்லை. கதையைவிட நிஜம்தான் அந்தச் சமூகத்தைப் பற்றி அதிகமாகச் சொல்கிறது.

தட்டைத் தேடிப் போனவர்கள்

ஃபிலடெல்பியாவில் இறுதிச்சடங்கு. ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு பெஸ்ஸியின் குரல் பிழைத்தது தட்டுகளால்தான். அந்தத் தட்டும் சுலபமாகப் பிழைக்கவில்லை.

78 வேகத் தட்டு ஷெல்லாக்கில் செய்தது. ஷெல்லாக் என்றால் நம்ம அரக்கு. அரக்குப் பூச்சியிலிருந்து வருவது, பெரும்பகுதி இந்தியாவிலிருந்துதான் உலகம் முழுக்கப் போனது. கீழே விழுந்தால் உடையும், ஒவ்வொரு தடவை ஊசி ஓடும்போதும் தேயும். இரண்டாம் உலகப் போரில் கப்பல் வரத்து குறைந்து அரக்குக்குத் தட்டுப்பாடு. அமெரிக்காவில் வீட்டில் இருக்கிற பழைய தட்டுகளைக் கொடுங்க என்று வாங்கி அரைத்துப் புதுத் தட்டு செய்தார்கள். எத்தனை ப்ளூஸ் அப்படி மாவாகப் போனதோ.

இதற்கு நடுவில்தான் சேகரிப்பாளர்கள் என்ற ஒரு கூட்டம் இருந்தது. கறுப்பின மக்கள் வாழும் தெருக்களில் வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பழைய தட்டு இருக்கிறதா என்று கேட்டவர்கள். லேபிளுக்குப் பக்கத்தில் செதுக்கியிருக்கும் மேட்ரிக்ஸ் நம்பரைப் பார்த்து, எந்தத் தேதி, எந்த டேக், யார் ட்ரம்பெட் என்று நோட்டில் எழுதி வைத்து, இரவு முழுக்க வாதாடியவர்கள். பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் மேலே நான் சொன்ன தேதிகள் எல்லாம் அப்படிப்பட்ட வேலையால் நமக்குக் கிடைத்தவை.

அவர்கள் வாதாடிய ஒரு விஷயத்தைச் சொல்றேன், நமக்குப் பிடிக்கும். கூம்புக் காலத்துக் கொலம்பியா தட்டுகள் பல 78-ல் இல்லாமல் 80 சுற்று வேகத்தில் வெட்டப்பட்டவை. அதை 78-ல் ஓட்டினால் சுதி கிட்டத்தட்ட அரை செமிடோன் இறங்கிவிடும். பெஸ்ஸியின் குரலும் கொஞ்சம் கனமாக, சோர்வாகக் கேட்கும். அவருடைய நிஜக் குரல் எது என்று தெரிந்துகொள்ளவே யாரோ உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருந்தது.

1970 முதல் 1972 வரை கொலம்பியா அவருடைய 160 பாட்டுகளையும் ஐந்து இரட்டை எல்பியாக மறுபடி வெளியிட்டது. தயாரித்தவர் அதே ஆல்பர்ட்சன். பெஸ்ஸியின் முழு வாழ்க்கை வரலாற்றையும் 1972-ல் எழுதியவர் அவர்தான்.

கல்

அந்த 33 வருஷத்தில் கல்லறைக்குக் கல் வைக்கப் பணம் திரட்டியதே இல்லையா என்றால், திரட்டினார்கள். அது கல்லாக மாறவில்லை. பிரிந்துபோன கணவர் ஜாக் கீ அதை எடுத்துக்கொண்டார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

1970-ல் ஒரு ஃபிலடெல்பியா நாளிதழுக்கு வந்த வாசகர் கடிதம்தான் விஷயத்தைக் கிளப்பியது. இரண்டு பெண்கள் செலவை ஏற்றார்கள். ஒருவர் ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளின். இன்னொருவர் ஜுவானிட்டா கிரீன், சின்ன வயதில் பெஸ்ஸியின் வீட்டுத் தரையைத் துடைத்தவர். அந்த ஆகஸ்ட் 7-ஆம் தேதி கல் நடப்பட்டது. இரண்டே மாதத்தில், அக்டோபர் 4, ஜாப்ளினும் இறந்துபோனார். 1937-ல் பெஸ்ஸியை அடக்கம் செய்ததும் ஒரு அக்டோபர் 4.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2002-ல் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலைத் தொடங்கியபோது முதல் வருஷமே ‘டவுன் ஹார்ட்டட் ப்ளூஸ்’ இடம்பெற்றது. 2024 ஜனவரி 1 முதல் அந்த ரெக்கார்டிங் அமெரிக்காவில் பொதுச் சொத்து. இப்போது அது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. பெஸ்ஸிக்கு அது என்றைக்குமே சொந்தமாக இருந்ததில்லை.

ப்ளேஸ்மென்ட் சீசனில் ஆஃபர் லெட்டர் வரும். எல்லாரும் முதலில் பார்ப்பது அந்த ஒரு நம்பரைத்தான், நானும்தான். நாம் எழுதும் கோட், நாம் கண்டுபிடிக்கும் எதுவும் யாருக்குச் சொந்தம் என்று ஒரு பாராவும் உள்ளே எங்கேயாவது இருக்கும். கையெழுத்துப் போடத்தான் போறோம், வேற வழியும் பெரும்பாலும் இருக்காது. ஆனா எதில் கையெழுத்துப் போடுறோம்னு தெரிஞ்சு போடுவோம். பக்கத்துக்கு 125 டாலர் பெஸ்ஸிக்கும் நல்ல நம்பராகத்தான் தெரிந்தது.

இன்னைக்கு ராத்திரி மூணு பாட்டு மட்டும் இந்த வரிசையில் கேளுங்க: ‘டவுன் ஹார்ட்டட் ப்ளூஸ்’, ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’, ‘பேக்வாட்டர் ப்ளூஸ்’. மொத்தம் பத்து நிமிஷம் ஆகும். முதல் பாட்டில் கரகரப்பு ஜாஸ்தியா இருக்கும், அரை நிமிஷம் பொறுத்துக்கோங்க. காது பழகினதும் கரகரப்பு பின்னால் போயிடும், அந்தக் குரல் மட்டும் முன்னால் வந்து நிக்கும்.